மகனுக்குச் சொல்வதற்கு முன் அம்மாவிடம் கேளுங்கள்: முதியோர் இல்லத்தில் அந்தரங்கம் காக்கும் வழிகள்

முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறீர்கள் என்றால், சேர்க்கை நாளன்று முதல் வேலையாக மகனைக் கணக்குப் பிரிவுக்கு அனுப்பிவிடுங்கள். முன்பணம், ரசீது, ஆதார் நகல் என்று அவருக்கு அங்கே அரை மணி நேரம் பிடிக்கும். அம்மாவும் நீங்களும் தனியாகப் பேசக் கிடைக்கிற நேரம் அதுதான். கதவைச் சாத்திவிட்டு எதிரே நாற்காலி போட்டு உட்காருங்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள். உங்கள் உடம்பைப் பற்றி யாரிடம் சொல்லலாம்? என்னென்ன சொல்லலாம்? யாரிடம் எதுவுமே சொல்லக் கூடாது?

மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்களைக் கேட்டால் மற்ற இரண்டையும் ஏன் கேட்டோம் என்று தோன்றும். "சின்ன மருமகளிடம் மூச்சு விடாதீர்கள்." "என் தம்பி வந்தால் தூங்குகிறேன் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்." "டயப்பர் கட்டுவது பேத்திக்குத் தெரிய வேண்டாம்." மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் இவற்றில் ஒன்றுகூட வெளியே வராது. "அவனுக்கு எல்லாம் தெரியும் சிஸ்டர், அவனையே கேளுங்கள்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

கோவைக்கு மேற்கே சிறுவாணி சாலையை ஒட்டிய ஒரு முதியோர் இல்லத்தில் நான் செவிலியர் பொறுப்பாளர். எங்களிடம் இருப்பவர்களில் பலருக்குப் பிள்ளைகள் டல்லாஸிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். மாதக் கட்டணம் அங்கிருந்து வருகிறது. பணம் கட்டுகிறவர் எல்லாவற்றையும் தெரிந்துகொள்ளலாம் என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. நான் இங்கே சொல்லப்போகிற ஏற்பாடுகளில் பாதி, அந்த எண்ணத்தைச் சண்டையில்லாமல் சமாளிப்பதற்காகச் செய்தவை. சர்க்கரை அளவு யாருடைய ரத்தத்தில் இருக்கிறதோ, அந்த அறிக்கையும் அவருடையதுதான்.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். வழக்கைத் தொடுத்தவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி. 2012-இல் மனுப் போட்டபோது அவருக்கு வயது 86. "இந்த வயதில் இவர்களுக்கு என்ன அந்தரங்கம்?" என்று புதிதாகச் சேர்ந்த ஊழியர் யாராவது சொன்னால், நான் இந்த 86-ஐ மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன்.

மூன்று கேள்விகளுக்கான பதில்களை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே தமிழில் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் கேட்பது எளிய மொழியில் இருக்க வேண்டும், அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலும் அதைப் படிக்க வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. ஆங்கிலத்தில் பன்னிரண்டு பக்கம் அச்சடித்து, கடைசிப் பக்கத்தில் மட்டும் கையெழுத்து வாங்கும் பழக்கத்தை இப்போதே கைவிட்டுவிடுவது நல்லது. அந்தச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டன. தரவைப் பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். எங்களைப் போன்ற சிறிய இல்லத்துக்கு அவ்வளவு விதிப்பார்கள் என்று நான் பயமுறுத்த மாட்டேன். ஆனால் நிர்வாகியிடம் பேசும்போது இந்த எண்ணை ஒருமுறை சொல்லிப் பாருங்கள். பூட்டுள்ள அலமாரி வாங்கப் பணம் கிடைத்துவிடும்.

அந்தத் தாளைக் கோப்பின் முதல் பக்கமாக வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பக் கேளுங்கள். பொங்கலுக்கு வந்து போன தம்பியோடு சமாதானமாகியிருக்கலாம். தீபாவளிக்குப் புடவை அனுப்பாத மகளோடு கோபமாகியிருக்கலாம்.

காது கேளாதவரிடம் ரகசியம் பேசுவது

இதைத் தனியாக எழுதக் காரணம் இருக்கிறது. எங்கள் இல்லத்தில் அந்தரங்கம் அதிகமாக உடைந்தது இந்த இடத்தில்தான். முதியவர்களில் பலருக்குக் காது மந்தம். அதனால் எல்லோரும் கத்துகிறோம். "அம்மா, வெளிக்குப் போனீர்களா?" என்ற கேள்வி தோட்டத்தில் செடிக்குத் தண்ணீர் விடுகிறவர் வரைக்கும் போகிறது. கேட்கப்பட்டவருக்கு மட்டும் அது பாதிதான் கேட்கிறது. ஊருக்கே கேட்டது என்பது பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் சிரிக்கும்போது அவருக்குப் புரிகிறது.

முதலில் காதுக்கருவியைப் பாருங்கள். பேட்டரி தீர்ந்திருக்கும், அல்லது குழாயில் காதழுக்கு அடைத்திருக்கும், அல்லது பெட்டியைவிட்டு வெளியே வந்தே பல நாளாகியிருக்கும். காலை மருந்து கொடுக்கும்போதே கருவியைத் துடைத்து மாட்டிவிடுவதை அன்றாட வேலைப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். கருவி இல்லாதவர்களுக்கு ஒரு பழைய வழி உண்டு. ஸ்டெதாஸ்கோப்பின் காதுமுனைகளை ஸ்பிரிட்டால் துடைத்து அவர் காதில் மாட்டுங்கள். மார்பில் வைக்கும் வட்டை உங்கள் வாயருகே பிடித்து, சாதாரணக் குரலைவிடவும் மெதுவாகப் பேசுங்கள். கத்தக் கூடாது, வட்டைத் தட்டவும் கூடாது, காது வலிக்கும். முதல்முறை இதைச் செய்தபோது ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை ஒருவர், "இவ்வளவு நாள் ஏன் எல்லோரும் என்னைத் திட்டிக்கொண்டே இருந்தீர்கள்?" என்று கேட்டார். படிக்கத் தெரிந்தவர்களுக்குச் சிலேட்டு போதும். எழுதிக் காட்டியதும் அழித்துவிடலாம் என்பது அதில் இன்னொரு வசதி.

நோய், மலம், சிறுநீர், பணம், குடும்பம் ஆகிய ஐந்தையும் வராந்தாவில் பேசக் கூடாது என்பது எங்கள் விதி. சாப்பாட்டு நேரத்தில் மருந்து கொடுக்கும்போது மாத்திரையின் பெயரையோ அது எதற்கு என்பதையோ சொல்வதில்லை. அவரே கேட்டால் அறைக்குப் போனதும் சொல்கிறோம்.

சுவரில், கட்டிலில், வாசலில்

உங்கள் இல்லத்துக்கு விருந்தாளியைப் போல ஒருநாள் வாசலில் இருந்து நடந்து வாருங்கள். எதையும் தொடாமலேயே என்னென்ன படிக்க முடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வாசலில் வருகைப் பதிவேடு விரித்துக் கிடக்கும்: யார் யாரைப் பார்க்க வந்தார்கள், கைபேசி எண், "வந்த காரணம்" என்ற கட்டத்தில் "டயாலிசிஸ் விஷயமாக" என்று கொட்டை எழுத்தில். நோட்டை எடுத்துவிட்டுத் தனித்தனிச் சீட்டு கொடுங்கள். நிரப்பியதும் பெட்டியில் போடட்டும். காரணம் என்ற கட்டமே வேண்டாம்.

செவிலியர் மேசைக்குப் பின்னால் வெள்ளைப் பலகை இருக்கும். அறை எண், பெயர், எதிரே "சர்க்கரை", "கதீட்டர்", "டயப்பர் - இரவு". பலகை நமக்குத் தேவைதான். அதைக் கதவுக்கு உள்பக்கம் மாட்டுங்கள், அல்லது அலமாரிக் கதவின் உட்புறம். கட்டில் கால்மாட்டில் தொங்கும் கேஸ் ஷீட்டையும் எடுத்துவிடுங்கள். விழும் அபாயம், விழுங்குவதில் சிரமம் போன்றவை பரிமாறுகிறவர் உட்பட எல்லோருக்கும் உடனே தெரிய வேண்டியவை. அவற்றுக்கு எங்களிடம் வண்ணப் பொட்டுகள் உண்டு. எந்த நிறம் எதற்கு என்பது ஊழியர்களுக்கு மட்டும் தெரியும்.

ஷிஃப்ட் மாறும்போது பொறுப்பு ஒப்படைக்கும் பேச்சைக் கதவை மூடிக்கொண்டு நடத்துங்கள். எங்கள் பராமரிப்பாளர்களில் சிலர் ஜார்க்கண்டில் இருந்து வந்த பெண்கள். இந்தியில் பேசினால் யாருக்கும் புரியாது என்று வராந்தாவிலேயே எல்லாவற்றையும் பேசிக்கொண்டிருந்தார்கள். பத்தாம் அறைத் தாத்தா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். பணிக்காலத்தில் பெரும்பகுதி நாக்பூரில். ஒருநாள் அவர்களைக் கூப்பிட்டு, பதினான்காம் அறைக்காரருக்கு மூல அறுவை சிகிச்சை எப்படி முடிந்தது என்று சுத்தமான இந்தியில் விசாரித்தார். அதற்குப் பிறகு நான் தனியாக வகுப்பு எடுக்க வேண்டியிருக்கவில்லை.

உடம்பு

குளிப்பாட்டுவதற்கும் டயப்பர் மாற்றுவதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. கதவைத் தட்டுங்கள், பதிலுக்குக் காத்திருங்கள். என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள். கதவு, சன்னல், திரை மூன்றும் மூடியிருக்கின்றனவா என்று பாருங்கள். வேலைக்குத் தேவையான பொருள் எல்லாவற்றையும் முதலிலேயே எடுத்து வையுங்கள். பாதியில் பௌடர் எடுக்க ஓடும்போதுதான் கதவு திறந்து கிடக்கும். மேலே ஒரு பருத்தித் துண்டைப் போர்த்திக்கொண்டு, துடைக்கிற பகுதியை மட்டும் திறந்து, துடைத்ததும் மூடுங்கள். ஆண் பராமரிப்பாளர் செய்யலாமா, பெண்தான் செய்ய வேண்டுமா என்பதைச் சேர்க்கை நாளிலேயே கேட்டு எழுதிவையுங்கள். ஆண்களிடமும் கேளுங்கள். "எனக்கென்ன, யார் செய்தாலும் சரி" என்று சத்தமாகச் சொன்ன தாத்தாக்களில் சிலர், தனியாகக் கேட்டபோது வேறு பதில் சொன்னார்கள்.

கதீட்டர் என்ற சிறுநீர்க் குழாய் போட்டவர்களுக்கு, சிறுநீர் வந்து சேரும் பைக்கு உறை தைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துத் தையல்காரரிடம் பழைய வேட்டித் துணியைக் கொடுத்து, மேலே நாடா வைத்துச் சக்கர நாற்காலியில் கட்டுகிற மாதிரிச் சொன்னால் போதும். அளவு பார்க்கும்போது உறையைத் தூக்கிப் பார்த்துக்கொள்ளலாம். பை எப்போதும் இடுப்புக்குக் கீழேதான் தொங்க வேண்டும் என்பது உறைக்குள்ளும் பொருந்தும். உறை வந்த பிறகுதான் ஓர் அம்மா மாலையில் கோயில் மண்டபத்துக்கு வர ஒப்புக்கொண்டார்.

எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் இருப்பவர் கட்டிலில் அடையாளம் ஒட்டுகிற பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அது தேவையே இல்லை. ரத்தமோ உடல் திரவமோ படக்கூடிய வேலை என்றால் எல்லோருக்கும் கையுறை போட்டுத்தான் செய்ய வேண்டும். எல்லோருக்கும் போட்டால் யாருக்கு நோய் என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், சம்பந்தப்பட்டவரின் ஒப்புதல் இல்லாமல் அவர் நிலையை வெளியே சொல்வதைத் தடுக்கிறது. சமையல்காரருக்குச் சொல்லலாமா என்று கேட்கிறவர்களுக்கும் அதுதான் பதில்.

கைபேசி

படுக்கைப் புண் ஆறுகிறதா என்று பார்க்க வாரம் ஒருமுறை படம் எடுக்க வேண்டியிருக்கிறது. அதை ஊழியரின் சொந்தக் கைபேசியில் எடுக்கவே கூடாது. ஊழியர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்தப் படம் தானாகவே அவருடைய கூகுள் கணக்குக்கு ஏறிவிடும். வீட்டில் குழந்தை கேலரியைத் திறந்தால் பிறந்தநாள் கேக்குக்கு அடுத்து ஒரு பாட்டியின் முதுகு. இல்லத்துக்கென்று ஒரு கைபேசி வாங்குங்கள். அதில் தானியங்கிச் சேமிப்பை நிறுத்துங்கள். வாட்ஸ்அப்பில் வரும் படங்கள் கேலரியில் சேர்வதையும் நிறுத்துங்கள். புண்ணுக்குப் பக்கத்தில் தாள் அளவுகோலும் தேதியும் அறை எண்ணும் மட்டும் வைத்து எடுங்கள். முகம், வளையல், பச்சை குத்திய கை எதுவும் படத்தில் வரக் கூடாது. மருத்துவருக்கு அனுப்பி, கோப்பில் சேர்த்த பின் கைபேசியில் இருந்து நீக்குங்கள். அந்தக் கைபேசி இல்லத்தைவிட்டு வெளியே போகக் கூடாது.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் செவிலியரைச் சேர்க்கச் சொல்வார்கள். சேராதீர்கள். மகன் தொடங்குகிற குழுவில் ஒரு மாதத்தில் சம்பந்தி, சித்தப்பா, பெங்களூரில் இருக்கும் மருமகனின் அண்ணன் எல்லோரும் வந்துவிடுவார்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவை அவர்கள் ஏன் பார்க்க வேண்டும்? முதியவர் தாளில் எழுதிக் கொடுத்த ஒரே ஒருவருக்கு மட்டும் தனியாகத் தகவல் அனுப்புங்கள். மற்றவர்களுக்குச் சொல்வது அவர் பாடு.

தொலைபேசியில் கேட்பவர்கள் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். "நான் அண்ணன் மகன் பேசுகிறேன், பெரியப்பா எப்படி இருக்கிறார்?" என்று வரும் அழைப்பில் அன்பு இருக்கலாம். அடுத்த கேள்வியைக் கவனியுங்கள்: "ஆட்களை அடையாளம் தெரிகிறதா? கையெழுத்துப் போடுகிறாரா?" இது பெரும்பாலும் நிலம் பற்றிய கேள்வி. ஞாபகம் தவறிவிட்டது என்று ஒரு செவிலியர் வாய்தவறிச் சொன்னால் அது நாளைக்கு உயில் வழக்கில் போய் நிற்கும். தெளிவாக இருக்கிறார் என்று சொன்னால் மறுநாளே பத்திரத்தோடு கார் வந்து நிற்கும். அதனால் பதில் எப்போதும் ஒன்றுதான்: "இங்கே இருப்பவர்களைப் பற்றித் தொலைபேசியில் சொல்வதில்லை ஐயா. உங்கள் எண்ணைக் கொடுங்கள், குறித்துவைக்கிறேன்." அப்படி ஒருவர் இங்கே இருக்கிறார் என்பதைக்கூட உறுதிசெய்ய வேண்டியதில்லை. பதிவான எண்ணில் இருந்து வந்த அழைப்பாக இருந்தாலும் நாமே அந்த எண்ணுக்குத் திரும்பக் கூப்பிட்டுப் பேசுவது நல்லது. வழக்கறிஞர் என்று சொல்லிக்கொண்டு வருகிறவருக்கும் இதே விதிதான். எழுத்து மூலம் கேட்கட்டும், நிர்வாகம் பார்த்துக்கொள்ளும்.

அன்னதானமும் கேமராவும்

பிறந்தநாளுக்கும் திதிக்கும் இல்லத்தில் சாப்பாடு போடுகிறார்கள். நல்ல விஷயம், அந்தப் பாயசத்துக்காகவே காத்திருக்கிறவர்கள் உண்டு. ஆனால் கேக் வெட்டி, இலை போட்டு, முதல் கரண்டி சோறு விழும்போது கைபேசிகள் எல்லாம் மேலே எழும்பும். மாலைக்குள் அந்தப் படம் முகநூலில். அதைப் பார்த்துத்தான் தன் தோழி முதியோர் இல்லத்தில் இருக்கிறாள் என்று திருச்சியில் ஒருவருக்குத் தெரிய வருகிறது. மகன் வீட்டில் இருப்பதாக அவள் ஊரில் சொல்லியிருப்பாள்.

எனவே பணம் வாங்கும்போதே நன்கொடையாளரிடம் சொல்லிவிடுங்கள், ரசீதின் பின்பக்கத்திலும் அச்சடியுங்கள்: சாப்பிடுகிறவர்களைப் படம் எடுக்கக் கூடாது. வெறுமனே மறுத்தால் மனம் கோணும். அதற்குப் பதிலாக ஓர் இடம் ஏற்பாடு செய்யுங்கள். எங்கள் சமையலறை முன்னால் கோலம் போட்ட திண்ணை ஒன்று இருக்கிறது. அங்கே பாத்திரங்களோடும் குடும்பத்தோடும் நின்று எடுத்துக்கொள்ளலாம். படத்தில் வர விரும்புகிற முதியவர்களும் இருக்கிறார்கள், தடுக்காதீர்கள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்து நிற்கிற பாட்டி ஒருவர் எங்களிடம் உண்டு. அவரும் அன்றன்று கேட்ட பிறகுதான். கல்லூரி மாணவர்கள் சேவைக்கு வந்தாலும் கைபேசிகளை ஒரு கூடையில் வாங்கி வையுங்கள்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் அறையில் கேமரா கேட்கிறார்கள். கவலையில் கேட்கிறார்கள், அதில் தப்பில்லை. நுழைவாயில், வராந்தா, சாப்பாட்டுக் கூடம் ஆகிய இடங்களில் அறிவிப்புப் பலகையோடு வைக்கலாம். குளியலறையில் எந்தக் காரணத்துக்கும் கூடாது. அறைக்குள் வைப்பதென்றால் முதியவர் தானாக ஒப்புக்கொள்ள வேண்டும். இருவர் தங்கும் அறை என்றால் இருவரும். ஒலிப்பதிவு வேண்டாம். கட்டிலையும் கம்மோடையும் பார்க்காதபடி, கதவைப் பார்த்து இருக்கட்டும். குளிப்பாட்டும் நேரத்தில் மூடிவைக்க ஒரு துணி மூடி. அவருக்கே எட்டுகிற இடத்தில் அணைக்கும் சுவிட்ச். இவ்வளவையும் சொன்ன பிறகு பெரும்பாலான பிள்ளைகள் கேமராவை விட்டுவிட்டு, தினம் மாலை ஒரு வீடியோ அழைப்புக்கு ஒப்புக்கொள்கிறார்கள். அம்மாவுக்கும் அதுதான் பிடிக்கிறது, தலை வாரிக்கொண்டு உட்கார முடிகிறதே.

சொல்லாதே என்றால்

இதுதான் கடினமானது. குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டு, "மகனிடம் சொல்லிவிடாதே அம்மிணி, அவன் பதறி டிக்கெட் போட்டு வந்துவிடுவான்" என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். சேர்க்கை நாளிலேயே, எது நடந்தால் கட்டாயம் சொல்வோம் என்று அவரோடு பேசி எழுதியிருந்தால் இங்கே வேலை எளிது. தலையில் அடி, எலும்பு முறிவு, மருத்துவமனைக்கு மாற்றம் ஆகிய மூன்றையும் நாங்கள் மறைப்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். சிராய்ப்பு என்றால் கோப்பில் எழுதுவோம், மருத்துவரிடம் சொல்வோம், மகனிடம் சொல்லமாட்டோம். சொல்லியே ஆக வேண்டிய நிலை வந்தால் முதலில் அவரிடம் போய், "இதை நான் சொல்லப்போகிறேன், நீங்களே முதலில் பேசுகிறீர்களா?" என்று கேட்டு, போனைக் கையில் கொடுங்கள். அவர் முதுகுக்குப் பின்னால் சொன்னது தெரிந்துவிட்டால் அடுத்த முறை விழுந்ததையே நம்மிடம் சொல்லமாட்டார்.

மறதி நோய் உள்ளவரைக் கேட்டு என்ன பயன் என்று நினைக்காதீர்கள். காலை டிபனுக்குப் பிறகு தெளிவாக இருப்பவர் சாயங்காலம் குழம்பிப்போவார். கேட்க வேண்டியதைக் காலையில் கேளுங்கள். பெரிய முடிவு அவரால் எடுக்க முடியாவிட்டாலும், இந்தப் படம் எடுக்கட்டுமா, இவர் உள்ளே வரட்டுமா என்பதற்குத் தலையசைப்பார், அல்லது முகத்தைத் திருப்பிக்கொள்வார். முகத்தைத் திருப்பினால் அது மறுப்பு. நோயின் தொடக்கத்திலேயே, தனக்காகப் பேச வேண்டியவர் யார் என்று எழுதி வாங்கிவிடுங்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அப்படி ஒருவரை நியமிக்க வழி தருகிறது. அவர் மூத்த மகனாகத்தான் இருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை.

நேர் எதிரான சங்கடமும் வரும். "அம்மாவுக்குக் கேன்சர் என்று அவரிடம் சொல்லாதீர்கள்" என்பார்கள். நாமாகப் போய்ச் சொல்வது செவிலியரின் வேலை அல்ல. ஆனால் அவர் நேராகக் கேட்டால் பொய் சொல்வதும் நம் வேலை அல்ல. "நாளை டாக்டர் வருகிறார், நீங்கள் கேட்பதாக அவரிடம் சொல்லிவைக்கிறேன்" என்று சொல்லி, சொன்னபடியே செய்யுங்கள்.

முதியவருக்கே குடும்பத்தார் மேல் பயம் இருப்பதாகத் தெரிந்தால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அவருக்குக் கொடுங்கள். அழைப்புக் கட்டணம் கிடையாது. அவர் பேசும்போது அறையைவிட்டு வெளியே நில்லுங்கள்.

பழைய தாள்கள்

எடைக்குப் போடுகிற பழைய தாள்களில் பரிசோதனை அறிக்கைகளும் போகின்றன. அவை மடங்கிச் சுண்டல் பொட்டலமாகக் கடைவீதிக்கு வருவதைப் பார்த்திருப்பீர்கள். பெயர், வயது, சர்க்கரை அளவு எல்லாம் எண்ணெய்க் கறைக்கு அடியில் தெளிவாகத் தெரியும். மருந்துக் கடைக்கு அனுப்பும் மொத்தப் பட்டியலில் பெயருக்குப் பதில் அறை எண் எழுதுங்கள். காலியான மருந்து உறைகளில் பெயர் ஒட்டிய பகுதியைக் கிழித்துப் போடுங்கள்.

ஒருவர் காலமான பிறகும் இதெல்லாம் தொடர்கிறது. உடலைப் படம் எடுக்க உறவினர் கேட்டால், பொறுப்பானவரின் சம்மதம் இருக்கிறதா என்று கேளுங்கள். அறையில் இருந்த மருந்துகள், டயப்பர் பொட்டலம், கம்மோடு எல்லாவற்றையும் கூட்டம் வருவதற்கு முன்பே அப்புறப்படுத்துங்கள். கடைசி நாட்களில் எப்படி இருந்தார் என்று துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரிடமும் விவரிக்க வேண்டியதில்லை. மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள், உள்நோயாளி ஆவணங்களை மூன்று ஆண்டுகள் வைத்திருக்கவும், உரியவர் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவும் சொல்கின்றன. இல்லங்களும் அதையே பின்பற்றினால் போதும். வழக்கு ஏதும் நிலுவையில் இருந்தால் மட்டும் அந்தக் கோப்பைத் தொடாதீர்கள். மூன்று ஆண்டு முடிந்த மற்றவற்றை ஆண்டுக்கு ஒருமுறை நறுக்கும் இயந்திரத்தில் போடுங்கள். பொறுப்பாளர் ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். நறுக்கி முடித்ததும் எந்தெந்தக் கோப்பு என்று பதிவேட்டில் எழுதித் தேதியோடு கையெழுத்துப் போடுங்கள்.